தோட்டத்து விஷம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது



பூச்செடிக்கும் புல்தரைக்கும் தென்னைக்கும் அடிப்பதை நாம் "மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "இன்னிக்கு மருந்து அடிக்கப் போறேன்" என்று கணவன் சொல்லிவிட்டுப் போகிறார். மனைவியும் கவலையில்லாமல் அனுப்பி வைக்கிறார். மருந்து என்றால் நோயைத் தீர்ப்பதல்லவா? ஆனால் ஸ்பிரேயர் டாங்கில் ஊற்றுவது விஷம். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் பல மருந்துகள் மனிதனின் நரம்பையும் அதே வழியில் தாக்கும். பூச்சி சிறியது, உடனே சாகிறது. மனிதன் பெரியவன், அதனால் "ஒண்ணும் ஆகலையே" என்று நினைத்துக்கொள்கிறான்.

மல்லிகைத் தோட்டம், தென்னந்தோப்பு, பங்களாத் தோட்டம், கல்லூரித் தோட்டம் என்று எங்கே பராமரிப்பு வேலை பார்த்தாலும் இந்தப் பிரசுரம் உங்களுக்காகத்தான். கணவன் படிக்க மனைவி கேட்கலாம். மனைவி படிக்கக் கணவன் கேட்கலாம். இருவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

விஷம் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது?

"நான் குடிக்கலையே, எப்படி உள்ளே போகும்?" என்று கேட்பார்கள். வாய் ஒரு வழிதான். மூக்கு இன்னொரு வழி. மருந்து அடிப்பவருக்குப் பெரும்பாலும் விஷம் ஏறுவது மூன்றாவது வழியில், தோல் வழியாக. உடம்பின் எல்லாத் தோலும் ஒரே மாதிரி இல்லை. முழங்கைக்குக் கீழே உள்ள தோலைவிட, கவட்டுப் பகுதியின் மெல்லிய தோல் பல மடங்கு அதிகமாக விஷத்தை உறிஞ்சும். முதுகில் சுமக்கும் டாங்க் ஒழுகினால் மருந்து எங்கே வழிகிறது? முதுகு, இடுப்பு, கவட்டு என்று வழிகிறது. நனைந்த கைலியோடு நாள் முழுவதும் வேலை செய்வது, விஷத்தில் நனைத்த துணியை அந்த இடத்தில் கட்டி வைத்ததற்குச் சமம்.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதுமா? போதாது. துண்டு நனைந்ததும் அதுவே விஷத்தைப் பிடித்து மூக்கருகே வைத்துக்கொள்கிறது.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்கள் விஷத்தைக் குடித்தவர்கள் அல்ல. நம்மைப்போல் வேலைக்குப் போனவர்கள்தான்.

வீட்டுக்கு எப்படி வருகிறது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் கூட்டம் பேசப் போயிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், "அடிக்கடி தலை சுத்துது, வாயில எச்சில் ஊறுது, மசக்கை இன்னும் விடலை போல" என்றார். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை? மெதுவாக விசாரித்தேன். கணவர் பூந்தோட்டத்தில் டாங்க் கணக்கில் கூலிக்கு மருந்து அடிப்பவர். சாயங்காலம் அந்தச் சட்டையோடு வந்து திண்ணையில் உட்காருவார். மூத்த குழந்தை ஓடிவந்து மடியில் ஏறும். மறுநாள் அந்தத் துணியையும் குழந்தையின் துணியையும் ஒரே வாளியில் ஊறப்போட்டு இந்த அம்மா வெறுங்கையால் கசக்குவார். அவர் ஒரு நாளும் மருந்து அடித்ததில்லை. ஆனாலும் விஷம் அவரைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி வைத்தோம். துணி துவைக்கும் முறையை மாற்றிய பிறகு தலைசுற்றல் நின்றது.

கணவர் கண்கலங்கி, "எனக்குத்தான் வந்தா வரட்டும்னு இருந்தேன், இவளுக்கு வரும்னு நினைக்கலையே" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கணவர் செய்ய வேண்டியது

1. வாங்கும்போது பாட்டிலின் மேல் உள்ள சாய்சதுரக் கட்டத்தைப் பாருங்கள். அதன் கீழ்ப் பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், பிறகு பச்சை. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. கடையில் பாட்டில் மாற்றிச் சில்லறையாக ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

2. முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம் வேண்டும். டாங்க் படும் முதுகில் பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். "வேகாத வெயிலில் இதெல்லாம் போட முடியுமாங்க?" என்பீர்கள். முடியாதுதான். அதனால்தான் உச்சிவெயிலில் அடிக்கவே கூடாது. காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ அடியுங்கள்.

3. காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். தண்ணீரும் ஈர்க்குச்சியும் போதும். கையால் மருந்தைக் கலக்காதீர்கள், குச்சியால் கலக்குங்கள். இடையில் பீடி, வெற்றிலை, டீ வேண்டாம்.

4. வேலை முடிந்ததும் தோட்டத்திலேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

கூலிக்கு அடிப்பவர்கள் பாதுகாப்பு உடையைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மருந்து அடிப்பவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு பூச்சிமருந்து விதிகளே சொல்கின்றன.

மனைவி செய்ய வேண்டியது

1. மருந்து அடித்த துணியைத் தனி வாளியில், கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தூளில் துவையுங்கள். மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள். குளத்திலும் கிணற்றடியிலும் அலசாதீர்கள். நல்ல வெயிலில் தனியாகக் காயப்போடுங்கள். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் இதைத் தொடவே வேண்டாம். கணவரே துவைக்கட்டும், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

2. மருந்து அடித்த தோட்டத்தில் பூப் பறிக்கவோ களை எடுக்கவோ உடனே இறங்காதீர்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று பாட்டிலோடு வரும் தாளில் இருக்கும், அதுவரை பொறுங்கள். ஒரு நாள் பூ போனால் போகட்டும்.

3. மருந்துப் பாட்டிலைப் பூட்டிய பெட்டியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுப்படியில் வேண்டாம். காலிப் பாட்டிலில் மண்ணெண்ணெயோ எண்ணெயோ ஊற்றி வைக்கக் கூடாது. மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரை டாங்கிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

விஷம் ஏறியது எப்படித் தெரியும்?

தலைவலி, தலைசுற்றல், அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண்ணில் நீர் வடிதல், பார்வை மங்கல், வாந்தி, வயிற்றுவலி, சதை துடித்தல், மூச்சுத் திணறல். "வெயில் பட்டிருக்கும், படுத்தா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். அன்று மருந்து அடித்தவருக்கு இவற்றில் எது வந்தாலும் முதலில் விஷம் என்றே எண்ணுங்கள்.

உடனே என்ன செய்வது?

தோட்டத்தை விட்டு வெளியே கொண்டுவாருங்கள். நனைந்த துணிகளைக் கழற்றி, உடம்பைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். உதவி செய்பவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் பதினைந்து நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே உயிரைக் குடிக்கும். மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மருந்துப் பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை தர முடியும். பல பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் என்னும் மாற்று மருந்து உண்டு. காலம் தாழ்த்தினால் அதுவும் கைகொடுக்காது.

தம்பதிகளே! குடும்பத்துக்காகத்தான் பாடுபடுகிறோம். சம்பாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். விஷத்தைத் தோட்டத்திலேயே கழுவி விட்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். இன்றைக்கே ஒரு வாளியை மருந்துத் துணிக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அதுதான் முதல் வேலை.