மாத்திரை அட்டையின் மறுபக்கம்

கொடைரோடு ஸ்டேஷனில் திண்டுக்கல் வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் பன்னீர் திராட்சைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆத்தா, மஞ்சப்பைக்குள் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

"எங்க வாங்குனீங்க ஆத்தா?"

"வாங்கலைப்பா, ஆஸ்பத்திரியில குடுத்தாக."

அட்டையின் பின்பக்கம் பார்த்தேன். தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல. எனக்குக் கைகால் பரபரத்துவிட்டது. இந்த அட்டையின் கதையை லண்டனில் வெளியான ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேனே!

அதன் பின்னணிக்குள் எட்டிப் பார்ப்போம், வாருங்கள். 1994-ல் பிறந்தது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இறக்கும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, நம் வங்கி பாஸ்புக் மாதிரியே! மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு கழிந்துகொண்டே வரும். தரச் சோதனை இன்னும் அழகு. மாதிரிகள் கம்பெனிப் பெயர் மறைக்கப்பட்டு, வெறும் குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்குப் போகும். யாருடைய மாத்திரை என்று சோதிப்பவருக்கே தெரியாது.

இதையெல்லாம் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் வி.ஆர். முரளீதரன். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த சுகாதாரப் பொருளாதார அறிஞர். பழைய மதராஸ் மாகாணத்தின் சுகாதார வரலாற்றைத் தோண்டியவர். குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் கண்ட இடங்கள் எவை என்று 1985-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் இலங்கையும் கேரளமும் இருந்தன, நாம் இல்லை. 2011-ல் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி அதன் தொடர்ச்சியாக, நான் படித்த அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தது. வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான், தாய்லாந்து என்று நான்கு நாடுகள், அவற்றோடு சரிசமமாக ஒரு மாநிலம்: தமிழ்நாடு! தமிழ்நாடு பற்றிய அத்தியாயத்தை எழுதியவர்கள் முரளீதரன், உமாகாந்த் தாஷ், லூசி கில்சன். அதில் மருந்துக் கழகம் வருகிறது, கிராம சுகாதார செவிலியர் வருகிறார்.

சரி, இப்படி எழுதியதன் வீச்சை எப்படி அளக்கிறார்கள்? அதற்கான ஒரு சூத்திரம் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் கொடுத்த ஹெச்-இன்டெக்ஸ். ஆத்தாவின் கூடையை வைத்தே சொல்லிவிடலாம். கொத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை, பழம் ஒவ்வொன்றும் அதற்குக் கிடைத்த ஒரு மேற்கோள். குறைந்தது பத்துப் பழமுள்ள கொத்துகள் பத்து இருந்தால் உங்கள் எண் பத்து. ஆயிரம் பழத்தோடு ஒரே ஒரு கொத்துதான் என்றால் எண் வெறும் ஒன்று!

பெரிய கொத்து எழுதியவருக்கு இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. மேற்கோள் தொகுப்புகளில் ஆய்விதழ்களுக்குத்தான் ராஜமரியாதை, புத்தக அத்தியாயங்கள் பலவற்றில் நழுவிப்போகும். அந்தப் புத்தகத்தின் சாரம் 2013-ல் 'லான்செட்' இதழில் கட்டுரையாக வந்தது, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து எழுதியது. அதை யாராவது மேற்கோள் காட்டினால் அத்தனை பேர் கணக்கிலும் ஒன்று கூடும். தமிழ்நாட்டை விரிவாகப் பேசிய அத்தியாயத்தை விட்டுவிட்டு, சாரத்தைச் சொன்ன கட்டுரையையே எண்ணும் தொகுப்புகளும் உண்டு!

இன்னும் ஆழமாகப் போனால் எண்ணவே முடியாத இடம் வருகிறது. 2017 வாக்கில் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களுக்கு ஆளும் மருந்தும் கூட்டிப் பார்த்தது அரசு. ஜனங்கள் தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அலையாமல் உள்ளூர் நிலையத்துக்கு வரத் தொடங்கியதையும், கைக்காசு மிச்சமானதையும் ஐ.ஐ.டி. குழு வீடுவீடாகக் கேட்டுப் பதிவு செய்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, சூளகிரி இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாசலுக்கே வந்தன. இதில் ஆய்வின் பங்கு எவ்வளவு? எந்த மேற்கோள் கணக்காலும் சொல்ல முடியாது. அரசாணையில் அடிக்குறிப்பு போடும் வழக்கம் இல்லையே!

வண்டி வந்துவிட்டது. ஆத்தாவின் கூடையை ஒரு கை பிடித்து ஏற்றினேன். அடுத்த ஸ்டேஷன் அம்பாத்துரை. அங்கேதான் காந்திகிராமம், டாக்டர் சௌந்தரம் அம்மா வளர்த்த மண். அங்குள்ள கிராமிய சுகாதார நிறுவனம் 1964-ல் தொடங்கியது. உலகின் முதல் பெரிய அறிவியல் மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு அமெரிக்காவில் முறைப்படி அறிமுகப்படுத்தியதும் அதே 1964! ஜன்னல் வழியே அந்தப் பக்கத்தைக் காட்டி ஆத்தாவிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆத்தா கூடையிலிருந்து ஒரு சின்னக் கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். எண்ணிப் பார்த்தேன், பதினேழு பழம்.