ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்

என் அம்மாவுக்கு வயது 78. வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். சென்னை தி.நகரில் என் துணையில்லாமல் அவர் நடந்து பார்த்தது பாண்டி பஜாரில் மட்டும்தான். எங்கள் தெருவிலும் நடைபாதை இருக்கிறது. அதில் ஏறத்தான் முடியாது. தரையிலிருந்து முழங்கால் அளவுக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பைக் ஏறிவிடும் என்று உயர்த்துகிறார்களாம். நடப்பதென்னவோ வேறு. அவ்வளவு உயரம் என்றால் ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் கார் போக நடைபாதையை வெட்டிச் சரிவு போட்டாக வேண்டும். பத்தடி நடந்தால் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். பைக்கில் வருபவர் அந்தச் சரிவு வழியாகவே ஏறிவிடுகிறார். நடப்பவர் அலுத்துப்போய் ரோட்டில் இறங்கிவிடுகிறார்.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைப் பேராயத்தின் (IRC) நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது ஆறு அங்குலம். தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம்; கடைத்தெரு என்றால் இன்னும் அதிகம். மரம், விளக்குக் கம்பம், மின்வாரியப் பெட்டி, தள்ளுவண்டி எல்லாம் ரோட்டோரமாக ஒரு தனிப் பட்டையில் நிற்க வேண்டும். கேட் வருகிற இடத்தில் நடைபாதை இறங்கக் கூடாது. கார்தான் ஏறி இறங்க வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இந்த விதிதான் முக்கியம். அகலமான நடைபாதைகூட ஒரே ஒரு வெட்டில் அம்மாவுக்குப் பயனில்லாமல் போய்விடுகிறது.

பாண்டி பஜார் 2019 நவம்பரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகத் திறக்கப்பட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் இடத்தைச் சுருக்கி, நடப்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். உட்கார இருக்கைகளும் போட்டார்கள். அம்மா கொஞ்ச தூரம் நடப்பார், உட்காருவார், மறுபடி நடப்பார். ஒரு குறை மனதில் நிற்கிறது. அங்கிருந்த நடைபாதைக் கடைக்காரர்களை 2013இலேயே தனி வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இவ்வளவு அகலத்தில் அவர்களுக்கும் ஒரு ஓரம் ஒதுக்கியிருக்கலாம். அது பாதுகாப்பும்கூட: பூக்காரம்மா இருக்கிற தெருவில் இருட்டிய பிறகும் பெண்கள் தைரியமாக நடப்பார்கள்.

2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாலம் வந்தது. ரயிலைவிட்டு இறங்கி பஸ் பிடிப்பவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் கடைகளும் வீடுகளும் கீழேதான் இருக்கின்றன.

சென்னை மாநகராட்சி 2014லேயே, இந்திய நகரங்களில் முதலாவதாக, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் இதற்கே என்றது அது. ஆகவே புதிதாகச் சட்டம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் நடைபாதை வேலை தொடங்கினால், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே ஒரு டேப்போடு போய் நில்லுங்கள். உயரத்தை அளந்து பாருங்கள். கேட்டுக்கு முன்னால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். கொட்டிய பிறகு உடைக்க மாட்டார்கள்.