கருப்புக் குழாயின் கனம் ஏன் மாறுகிறது?

சேர்வராயன் மலையில் ஓடைத் தண்ணீரைச் சரிவில் உள்ள காப்பி, மிளகு நாற்றங்காலுக்கு இறக்கக் கருப்பு பாலிதீன் குழாய் வசதியானது. ஆனால் தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடும். 40 மீட்டர் சரிவின் அடியில் வால்வை மூடினால் 4 கிலோ. சுவர் ஒரு பக்கம் மெலிந்த குழாய் அங்கேதான் வெடிக்கும்.

ஆலையில் பாலிதீன் குருணையை உருக்கி, 'டை' எனும் வளைய வாய் வழியே முறுக்கு பிழிவதுபோலப் பிதுக்குகிறார்கள். வெளியே வந்ததும் உருக்கு வாயின் அளவைவிடப் பருத்துவிடும். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். உள்ளே இழுபட்டு நின்றவை, வெளியே இழுத்துவிட்ட ரப்பர்போலச் சுருங்குகின்றன. நீளத்தில் குறைந்தது பருமனில் சேர்கிறது. வேகமாகத் தள்ளினால் வீக்கம் அதிகம். டை நீளமாக இருந்தால், உருக்கு நல்ல சூட்டில் இருந்தால் குறைவு.

டேனர் என்ற அறிஞர் 1970இல் வெளியிட்ட சூத்திரம், நீண்ட டைக்குள் உருக்கின் மீள்விசையைக் கொண்டு இந்த வீக்கத்தை மதிப்பிடுகிறது. அதையொட்டி டையின் வாயையும் குழாயை இழுக்கும் வேகத்தையும் அமைக்கலாம். பழைய பிளாஸ்டிக் கலந்தால் கணக்கு நிற்காது. ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு விதமாக வீங்கும். மலிவான குழாயில் கனம் மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாங்கும்போது ஐ.எஸ். 4984 முத்திரையையும் அழுத்த அளவையும் பார்க்க வேண்டும். முனையை நேராக அறுத்து, நான்கு இடங்களில் சுவரை அளப்பது நல்லது. சரிவு அதிகமானால் நடுவில் சிறு திறந்த தொட்டி கட்டினால் அழுத்தம் அங்கேயே தணிந்துவிடும்.