டாக்டர் ஆக மறுத்த பெண்

கொடைக்கானலுக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் பஸ்ஸில்தான் போயிருப்பீர்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு போயிருப்பீர்கள். அந்த மலைச் சாலை வருவதற்கு முன்னே பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். வசதி உள்ளவர்கள் குதிரையிலோ டோலியிலோ போவார்கள். டோலி என்பது மூங்கில் கழியில் கட்டிய தூக்கு நாற்காலி. சுமப்பவர்கள் மாறி மாறித் தோள் கொடுப்பார்கள்.

1821ல் வார்டு என்ற ஆங்கில அதிகாரி பழனி மலைகளை அளக்க வந்தார். வெள்ளகவி என்ற சிற்றூரிலிருந்துதான் அவர் மேலே ஏறினார். அந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பின்னால் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் ஏறினார்கள். 1845ல் கொடைக்கானலில் அவர்கள் இரண்டு வீடுகள் கட்டினார்கள். உல்லாசத்துக்காக உண்டான ஊர் அல்ல இது. உயிருக்குப் பயந்து உண்டான ஊர். சமவெளியில் காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரை வாரிக்கொண்டு போயின. மலைக்குப் போனால் காய்ச்சல் வருவதில்லை என்று தெரிந்தது. ஏன் வருவதில்லை என்பதுதான் தெரியவில்லை. கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று நினைத்தார்கள். 'மலேரியா' என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்று.

உண்மைக் காரணம் 1897ல் வெளிப்பட்டது. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்ந்து பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். வெப்பம் 25 டிகிரி இருந்தால் இதற்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்கள் போதும். 16 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். கொசுவின் ஆயுளோ சில வாரங்கள். கிருமி முதிர்வதற்குள் கொசுவே செத்துவிடுகிறது!

இனி ஒரு சிறு கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 12 டிகிரி வரும். அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது இந்த 12 டிகிரிதான்.

உடம்புக்கு மலை இருந்தது. பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வழி? கொடைக்கானலில் பாதிரிமார் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் 1901ல்தான் திறந்தது. அதற்கு முன் பல குடும்பங்கள் குழந்தைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பின. பத்துப் பன்னிரண்டு வயதில் பிரிந்தால் திரும்பப் பார்க்க ஆண்டுகள் ஆகும். இப்படிப் பிரிந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர் பெயர் ஐடா ஸ்கடர்.

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடந்த டாக்டர். 1819ல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பில் ஊழியம் செய்தார். பிறகு 1836ல் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் ஏழு பேர் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். அவர்களில் பலர் டாக்டர்கள். சைலஸ் என்ற மகன் 1866ல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். இன்னொரு மகனான ஜான்தான் ஐடாவின் தந்தை. அவரும் டாக்டர். 1870 டிசம்பரில் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் என்ன ஆவாள்? 'டாக்டர்' என்றுதானே சொல்வீர்கள்? ஐடா சொன்ன பதில் வேறு. டாக்டரும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம்!

அதற்குக் காரணம் இருந்தது. 1877ல் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது அவருக்கு ஆறு வயது. எலும்பும் தோலுமான குழந்தைகளுக்குத் தன் கையால் ரொட்டித் துண்டு கொடுத்தவர் அவர். பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. பெற்றோர் மட்டும் திரும்பி வந்தார்கள். சிறுமி ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். இந்தியா என்றால் அவருக்குப் பசியும் பிரிவும்தான். அமெரிக்காவில் படித்து, அங்கேயே வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. குடும்பத்தின் செல்வாக்கு பிள்ளைகளை இழுக்கும் என்றே நாம் நினைக்கிறோம். சில வேளைகளில் அது அவர்களைத் தள்ளியும் விடுகிறது.

1890ல் தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று செய்தி வந்தது. சிறிது காலம் உதவிவிட்டுத் திரும்பலாம் என்று ஐடா வந்தார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள்.

அங்கேதான் அந்த இரவு வந்தது. பின்னாளில் அவரே பலமுறை சொன்ன நிகழ்ச்சி இது. ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள். ஐடா வர வேண்டும். 'எனக்கு ஒன்றும் தெரியாது, என் தந்தைதான் டாக்டர், அவர் வருவார்' என்றார் ஐடா. வந்தவர் சம்மதிக்கவில்லை. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பதா? திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் இன்னொருவர், அதன் பின் மூன்றாமவர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் மேல்சாதியைச் சேர்ந்த வேறொரு இந்து. மூவர் கேட்டதும் ஒன்றே, மூவர் மறுத்ததும் ஒன்றே. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். டாக்டர் அதே ஊரில், நடந்து போகும் தூரத்தில் இருந்தார்.

பிரசவத்தில் தாய் ஏன் இறக்கிறாள்? இதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் பெண்களுக்குச் சிறு வயதிலேயே மணமாகிவிடும். பெண்ணின் உயர வளர்ச்சி நின்ற பின்பும் இடுப்பெலும்புக் கூடு சில ஆண்டுகள் வளர்கிறது. அது முழு அகலம் அடையாத நிலையில் குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளலாம். கருப்பை மணிக்கணக்கில் சுருங்கிச் சுருங்கிச் சோர்ந்துவிடும். அடுத்த ஆபத்து, பிறந்த பின் வரும் இரத்தப்போக்கு. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்துகொள்கின்றன. கருப்பையின் தசைநார்கள் பின்னலாக அமைந்து, இக்குழாய்களைச் சுற்றிச் செல்கின்றன. அவை இறுகினால் குழாய்கள் நெரிபட்டு இரத்தம் நிற்கும். சோர்ந்த தசை இறுகாது. உடம்பில் உள்ள இரத்தம் மொத்தமே ஐந்தாறு லிட்டர்தான். மீதியை நீங்களே ஊகிக்கலாம். மூன்றாவது ஆபத்து கழுவாத கை. இதை வியன்னாவில் செம்மல்வைஸ் 1847லேயே காட்டிவிட்டார். அவர் பேச்சைக் கேட்கத்தான் ஆளில்லை.

திண்டிவனத்தின் மூன்று பெண்களுக்கும் எது நேர்ந்தது? சொல்வதற்கு அவர்களை எந்த டாக்டரும் பார்க்கவில்லையே!

விடிந்ததும் ஐடா பெற்றோரிடம் போய், தாம் டாக்டருக்குப் படிக்கப்போவதாகச் சொன்னார். பெரிய குடும்பத்தின் எழுபது ஆண்டுப் பெருமை செய்ய முடியாததை ஓர் இரவு செய்தது.

1895ல் அவர் பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதே கல்லூரியில் 1886ல் பட்டம் பெற்றவர் நம் நாட்டு ஆனந்திபாய் ஜோஷி. பதினான்கு வயதில் பெற்ற குழந்தையைப் பறிகொடுத்தவர் அவர். கடல் கடந்து, குளிரில் நடுங்கிப் படித்தார். பட்டத்துடன் திரும்பியும், மருத்துவம் பார்க்குமுன் 1887ல், 21 வயதில் மறைந்தார். ஒருவர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன மாணவி. மற்றவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மாணவி. இருவரையும் அந்தக் கல்லூரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது பிரசவ அறைதான்.

கார்னெல் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் மருத்துவப் படிப்பைத் திறந்ததும் ஐடா அங்கே மாறினார். 1899ல் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டு பிறந்தபோது இந்தியா வந்து சேர்ந்தார். கையில் ஒரு செல்வர் கொடுத்த பத்தாயிரம் டாலர் நன்கொடை இருந்தது. தந்தையிடம் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். வேலூரில் தனி ஆளாகத் தொடங்கி, 1902ல் நாற்பது படுக்கைகளுடன் பெண்களுக்கான ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். பிறகு குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மரத்தடியிலேயே வைத்தியம் பார்த்தார்.

நாற்பது படுக்கையும் ஒரு பெண் டாக்டரும் ஒரு ஜில்லாவுக்கே போதுமா? என் கருத்தில், ஐடாவின் பெருமை அவர் செய்த அறுவைச் சிகிச்சைகளில் இல்லை; இந்தக் கேள்வியை அவர் கேட்டதில்தான் இருக்கிறது. முதலில் தாதிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1918ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். இந்தப் பெண்கள் தேற மாட்டார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். 1922ல் முதல் அணியின் பதினான்கு பேரும் அரசாங்கத் தேர்வில் தேறினார்கள்! 1942ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்று இன்று நாம் அறிவது அதைத்தான்.

1946ல் அக்கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்ற டாக்டரின் கதையும் இதே மாதிரிதான். 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த அவருடைய பெற்றோர் மலைமக்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். சீழையும் புண்ணையும் கண்டு அருவருத்த சிறுவன், டாக்டர் தொழிலே வேண்டாம் என்று கட்டட வேலை கற்றான். தந்தை 1929ல் மலேரியாவின் கொடிய வகையொன்றுக்குப் பலியானார். கொல்லிமலையும் மலைதானே என்கிறீர்களா? அதன் உயரம் ஆயிரம், ஆயிரத்து முந்நூறு மீட்டர்தான். நாம் போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். கிருமியை நிறுத்தும் குளிர் அங்கே கிடைக்காது. மகன் பிற்பாடு மனம் மாறி டாக்டரானார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். தச்சுப் பட்டறையில் பழகிய கை வீண்போகவில்லை.

ஐடா 1946ல் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். ஐடா கொடைக்கானலில் 'ஹில் டாப்' என்ற தம் வீட்டில் வசித்து, 1960 மே மாதம் 89ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

இப்போது வெள்ளகவிக்கு வருவோம். வார்டு ஏறிப் போய் இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. மேலே பெரிய நகரமே உண்டாகிவிட்டது. ஆனால் இந்த நூற்றாண்டிலும் வெள்ளகவி மக்கள் சாலை இல்லாமல் நெடுங்காலம் தவித்தார்கள். நோயாளியையும் கர்ப்பிணியையும் டோலி கட்டி, மேலே வட்டக்கானலுக்கோ கீழே கும்பக்கரைப் பக்கமோ சுமந்தார்கள். அன்று நலம் தேடிய வெள்ளைக்காரர் டோலியில் மலையேறினார். பின்னர் அதே மலையில் நோயாளி டோலியில் போனார்.

2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் அந்த எண் 97. ஐடாவின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வெற்றி. மீதமுள்ள 54ல் தூரத்துக்கும் பங்கு உண்டு.

மருத்துவத் துறை என்றதும் நீங்கள் டாக்டரை மட்டும் நினைக்கிறீர்கள். மலை ஊர்களில் முதலில் போய்ச் சேருபவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவர் கர்ப்பிணியிடம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளைக் கேட்கிறார். அதனுடன் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுகிறார். 280 நாள் கணக்கு அது. வரும் தேதியை அட்டையில் எழுதுகிறார். சாலையில்லாத ஊர் என்றால் பிரசவ நாள் வரை வீட்டில் காத்திருக்க விடுவதில்லை. முன்னதாகவே அந்தப் பெண்ணை அழைத்துவந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கென்றே உள்ள அறையில் தங்கவைக்கிறார்கள். வலி கண்ட பின் டோலி தேட வேண்டியதில்லை. அவளாகவே நடந்து வந்துவிடுகிறாள்.