தோளையும் கழுத்தையும் உறுதிப்படுத்தும் பயிற்சிகள்

கரும்பலகையில் நாள்தோறும் கையை உயர்த்தி எழுதும் ஆசிரியரும், கைத்தெளிப்பானை முதுகிற் சுமந்து செயல்விளக்கம் காட்டும் களப்பணியாளரும் தோள்வலியையும் கழுத்துவலியையும் நன்கறிவர். வலி தோன்றியதும் பலர் கையை அசையாது வைத்துக்கொள்கின்றனர். ஓரிரு நாள் ஓய்வு நன்மை தருவதே. அது வாரக்கணக்கில் நீடிப்பின் தசைகள் மெலியும், மூட்டும் இறுகக்கூடும். பின்னர்த் தலை வாருவதும் சட்டை அணிவதுமே அரிய செயல்களாகிவிடும். நாற்பது வயதைக் கடந்தோரும் நீரிழிவு உள்ளோரும் இதில் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும்.

தோளின் அமைப்பை அறிந்தால் பயிற்சியின் நோக்கம் விளங்கும். தோள்மூட்டில் மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை, ஆழமற்ற ஒரு கிண்ணத்திற் பொருந்தியுள்ளது. இதனாலேயே கை எல்லாத் திசைகளிலும் சுழல்கிறது. ஆனால், எலும்பினால் மட்டும் மூட்டுக்கு உறுதி கிட்டுவதில்லை. நான்கு சிறு தசைகள் பந்தைக் கிண்ணத்தின் நடுவில் இழுத்துப் பிடிக்கின்றன. அக்கிண்ணம் தோள்பட்டை எலும்பின் ஒரு பகுதியாகும். தோள்பட்டை எலும்போ காறை எலும்பின் வழியாக மட்டுமே உடற்கூட்டுடன் இணைந்துள்ளது; மற்றபடி அதனை முதுகில் நிறுத்துபவை தசைகளே. அவற்றுட் சில கழுத்தெலும்புகளிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே, ஒன்று தளர்ந்தால் மற்றொன்றும் துன்புறும்.

கழுத்தினாற் தோன்றும் தலைவலியுடைய 200 பேரை ஆராய்ந்து ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் ஆறு வாரம் அளிக்கப்பட்ட மென்மையான பயிற்சியின் பயன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. கடும் பளு அங்கே பயன்படுத்தப்படவில்லை என்பது கருதத்தக்கது.

கீழ்க்காணும் பயிற்சிகளை இவ்வரிசையிலேயே மேற்கொள்ளலாம்.

1. ஊசற் பயிற்சி: வலியற்ற கையை மேசைமீது ஊன்றி, முன்புறம் குனிந்து, மற்றக் கையைத் தளரத் தொங்கவிடுக. உடலை மெல்ல அசைத்தால் கை தானே ஊசல்போல் ஆடும். ஒரு நிமிடம் போதும்.

2. தலையசைப்பு: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆம்' என்பதுபோல் மோவாயைச் சிறிது தாழ்த்தி 10 விநாடி நிறுத்துக. 10 முறை செய்க. கழுத்தின் முன்புறத்து ஆழ்ந்த தசைகள் இதனால் வலுப்பெறும்.

3. தோள்பட்டை நிறுத்தம்: நிமிர்ந்து அமர்ந்து, தோள்பட்டைகளைச் சற்றே பின்னும் கீழுமாக இழுத்து 5 முதல் 10 விநாடி வைத்திருக்க. மூச்சை அடக்கலாகாது.

4. சுவர்த் தள்ளல்: இரு கைகளையும் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டுக. நீட்டிய பின்னரும் முதுகு சிறிது பின்செல்லுமாறு தள்ளுக.

5. புறச் சுழற்சி: முழங்கையை விலாவோடு சேர்த்து மடக்கி, பழைய சைக்கிள் ட்யூப்பின் கீற்றை இரு கைகளாலும் பற்றி, முன்கைகளை வெளிப்புறம் விலக்குக.

இறுதி இரண்டையும் முதலில் 8 முறையுடன் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம். பயிற்சியின்போது இலேசான வலி தோன்றினும் அஞ்சவேண்டியதில்லை. மறுநாட் காலையிலும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறைத்தல் வேண்டும். பயன் தெரியச் சில வாரங்களாகும்.

விழுந்து அடிபட்ட பின் தோன்றும் வலி, கை மரத்துப்போதல், பிடிவலிமை குறைதல், நடை தள்ளாடுதல் ஆகியவை காணப்பட்டால் பயிற்சியைத் தொடங்காது மருத்துவரை அணுகுக. மார்பில் இறுக்கத்துடன் தோள் வலித்தால் அது இதயநோயின் அறிகுறியாகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பணிமுறையையும் சிறிது மாற்றிக்கொள்க. கண்மட்டத்தில் எழுதுவது நலம். பையை ஒரே தோளில் மாட்டாது மாற்றி மாற்றிச் சுமக்கலாம். தெளிப்பானின் இரு வார்களையும் சம நீளமாக்கி அணிதல் வேண்டும். தோள் நோகும் வேலை மறுநாளும் காத்திருப்பதால், பயிற்சி பெற்ற தசையே அதற்குத் துணையாகும்.