தாய்ப்பலகையைப் பரிசோதித்தல்

1960ஆம் ஆண்டில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பெற்ற மின்னணுக் கணிப்பொறியொன்று இயங்கத் தொடங்கிற்று. 1962இல் அதற்கு டிஃப்ராக் எனப் பெயரிடப்பட்டது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்களும் 12,500 மின்தடைகளும் அதில் அடங்கியிருந்தன. இத்துணை உறுப்புகளும் ஒன்றோடொன்று இணங்கி, நெடுநேரம் பிழையின்றி உழைத்தல் வேண்டும். இன்று சுனாபட்டியிலோ தாராவியிலோ ஒரு பள்ளியின் மேசைமீதுள்ள சிறு கணிப்பொறிக்கும் இந்நியதி பொருந்தும். அதன் உறுப்புகளை இணைப்பது தாய்ப்பலகை எனப்படும் மின்சுற்றுப் பலகையாகும்.

பழைய பலகையொன்று இயங்கத் தொடங்கிய மாத்திரத்தில் அது நல்லதென முடிவு செய்தலாகாது. நினைவகத்தில் ஓரிடம் பழுதுற்றால் கணிப்பொறி நின்றுவிடும் என்பதில்லை; மாணவன் பெற்ற மதிப்பெண்ணை ஓசையின்றி மாற்றிப் பதிந்துவிடவும் கூடும். நின்றுபோகும் யந்திரத்தினும் பொய்யுரைக்கும் யந்திரமே தீங்கு மிக்கது.

முதற்கண், உறுப்புகளின் பொருத்தத்தை ஆராய்க. டி.டி.ஆர்.3 நினைவகம் 1.5 வோல்ட்டிலும், டி.டி.ஆர்.4 நினைவகம் 1.2 வோல்ட்டிலும் இயங்குவன. இவற்றின் வெட்டுக்குறிகளும் வேறானவை. ஆதலின் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அழுத்திச் செருகுதல் கூடாது. செயலி தன் இருக்கையில் அமைந்துவிட்டதே போதிய சான்றாகாது. இருக்கை ஒத்திருப்பினும், பலகையிலுள்ள பயாஸ் நிரல் அச்செயலியை அறியாதாயின் யந்திரம் இயங்காது. பலகையை ஆக்கியோர் வெளியிட்ட பொருத்தப் பட்டியலைப் பார்த்தல் நலம்.

அடுத்து, மின்தொடர்பை நீக்கி, நிலத்தொடர்புள்ள உலோகத்தைத் தொட்ட பின்னரே பலகையைக் கையாளுக. மேற்புறம் உப்பிய மின்தேக்கிகளும், மழைக்கால ஈரத்தால் பச்சை படிந்த இணைப்புகளும் பழுதின் அறிகுறிகள். பின்னர்ச் செயலி, ஒரு நினைவகத் தகடு, மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் இணைத்து இயக்குக. யந்திரம் உழைக்கும்போதே மல்டிமீட்டரால் அளந்தால், 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் காணப்படல் வேண்டும். மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் ஒருபோதும் தகாது.

இறுதியாக உறுதித்தன்மைச் சோதனை. நினைவகச் சோதனை நிரலை இரவு முழுவதும் பன்முறை ஓடவிடுக. ஒரேயொரு பிழை தோன்றினும் அத்தகட்டை ஏற்கலாகாது. அடுத்துச் செயலியை முழுச் சுமையுடன் சில மணி நேரம் இயக்கி, வெப்பநிலையைக் குறித்து வருக. காலையில் நன்றாயிருந்து பிற்பகலில் நின்றுவிடும் பழுது பெரும்பாலும் வெப்பத்தால் விளைவதாகலின், இச்சோதனையை நண்பகல் வேளையில் நிகழ்த்துதல் சிறப்பு.

பிறகு ஏனைய உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்க்குந்தோறும் சோதிக்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் குற்றம் எதனுடையதெனத் தெளிய இயலாது. நாள், மாற்றிய உறுப்பு, கண்ட விளைவு ஆகியவற்றை எழுதிய சீட்டொன்றைக் கணிப்பொறிப் பெட்டியினுள் ஒட்டி வைத்தால், பின்னர் வரும் ஆசிரியர்க்கு அதுவே வழிகாட்டியாகும்.