கோழி இறைச்சி ஆலையில் ஓடும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. மேஜையை விட்டு இறங்கி, சக்கரங்களில் ஓடும் கம்ப்யூட்டர்களும் உண்டு. தொழிற்சாலைக்குள் டிரைவர் இல்லாமல் சரக்கு இழுத்துச் செல்லும் இந்த வண்டிகளை ஏ.ஜி.வி. என்பார்கள். ஆட்டோமேட்டட் கைடட் வெஹிக்கிள் என்பதன் சுருக்கம் இது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் பாரெட் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1950களின் தொடக்கத்திலேயே, வயரைப் பின்பற்றி ஓடும் வண்டியை உருவாக்கியது. 1974ல் ஸ்வீடனின் கால்மார் நகரில் வால்வோ நிறுவனம் கார் தயாரிப்புக்கே இவற்றைப் பயன்படுத்தியது. ஆனால் கார் தொழிற்சாலையின் தரை உலர்ந்தது. கோழி இறைச்சி ஆலையின் தரை எப்போதும் ஈரம். இந்த வண்டிக்கு உண்மையான பரீட்சை இங்குதான் என்று நான் நினைக்கிறேன்.

வழி எப்படித் தெரிகிறது?

பழைய உருண்டை மவுஸ் நினைவிருக்கிறதா? உள்ளே இருக்கும் பந்து எவ்வளவு உருண்டது என்பதை வைத்து, கர்சரை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். ஏ.ஜி.வி.யும் தன் சக்கரச் சுற்றுகளை இப்படித்தான் எண்ணுகிறது. பந்து வழுக்கினால் கர்சர் தடுமாறும் அல்லவா? கொழுப்பும் தண்ணீரும் கலந்த தரையில் சக்கரம் வழுக்கினால், வண்டியின் கணக்கும் தவறிவிடும்.

தரையில் காந்த டேப் ஒட்டி வழி காட்டலாம். ஆனால் தினமும் அழுத்தமான நீரைப் பீய்ச்சிக் கழுவும் இடத்தில் டேப் எத்தனை நாள் தாங்கும்? தரையை வெட்டி வயர் பதித்தால், சரியாக மூடப்படாத பள்ளத்தில் கிருமிகள் தங்கும். எனவே லேசர் முறை கை கொடுக்கிறது. வண்டியின் உச்சியில் சுழலும் லேசர், சுவர்களில் பொருத்திய பிரதிபலிப்பான்களைத் தேடுகிறது. குறைந்தது மூன்று பிரதிபலிப்பான்களின் கோணங்கள் கிடைத்தால், தான் நிற்கும் இடத்தை வண்டி கணக்கிட்டுவிடும்.

குளிரும் ஈரமும்

உங்கள் கீபோர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும்? இந்த வண்டியோ தண்ணீரிலேயே வேலை செய்ய வேண்டும். எனவே துருப்பிடிக்காத எஃகு உடலும், அழுத்தமான வெந்நீரைத் தாங்கும் ஐ.பி.69கே தரம் கொண்ட பாகங்களும் இங்கு தேவைப்படுகின்றன.

மைனஸ் 18 டிகிரி உறைபனி அறையிலிருந்து வெளியே வந்தால், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது போல லேசர் கண்ணாடியிலும் படியும். பேட்டரியின் திறனும் குளிரில் குறையும். சாதாரண லித்தியம் அயன் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. எனவே சார்ஜிங் இடத்தை உறைபனி அறைக்கு வெளியே அமைக்க வேண்டும்.

சாப்ட்வேர் செய்யும் காவல்

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். லிஸ்டீரியா கிருமியோ ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். பச்சை இறைச்சிப் பகுதியில் ஓடிய சக்கரம், சமைத்த இறைச்சிப் பகுதிக்குள் நுழைவது ஆபத்து. அவசரத்தில் ஒரு டிரைவர் குறுக்கு வழியில் போய்விடலாம். சாப்ட்வேரில் அந்தப் பகுதியைத் தடை செய்துவிட்டால் ஏ.ஜி.வி. அங்கு போகாது. எந்தத் தொட்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்ற பதிவும் கம்ப்யூட்டரில் இருக்கும். சுமார் 4 டிகிரியில் காக்க வேண்டிய இறைச்சிக்கு இந்தப் பதிவு மிக முக்கியம்.

பாதுகாப்பும் வேலையும்

அமெரிக்க ஆலைகளில் ஒரு பெரிய இறைச்சித் தொட்டியின் எடை சுமார் 900 கிலோ. அதைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க் லிஃப்ட் டிரைவருக்கு முன்பக்கம் மறைந்துவிடும். ஏ.ஜி.வி.யின் பாதுகாப்பு ஸ்கேனர் எதிரே ஆள் வந்தால் வண்டியை நிறுத்திவிடும். ஆனால் பாதையில் யாரோ வைத்த காலிப் பெட்டிக்கும் அது நின்றுவிடும். மனிதன் அதை நகர்த்திவிட்டுப் போவான். வண்டி காத்திருக்கும், இறைச்சி சூடேறும். எனவே பாதையைக் காலியாக வைக்கும் பழக்கம் இல்லாத ஆலையில், எவ்வளவு விலை கொடுத்து வண்டி வாங்கியும் பயனில்லை.

டிரைவர்களின் வேலை என்ன ஆகும்? வண்டி வந்தால் அந்த இடங்கள் குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாதை வரைபடம் திருத்தவும், நின்ற வண்டியை மீண்டும் இயக்கவும், லேசர் கண்ணாடியைத் துடைக்கவும் ஆள் வேண்டும். ஆலையின் ஒவ்வொரு திருப்பமும் அறிந்த டிரைவரே இதற்குப் பொருத்தமானவர். வண்டி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை அவருடைய பயிற்சிக்கு ஒதுக்குவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

மானிட்டர் முன் அமர்ந்து மவுஸ் பிடிக்கப் பழகும் நீங்களும் இதே படியில்தான் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வண்டிகளை மேற்பார்வையிடுபவர் முன்னால் இருப்பதும் ஒரு திரையும் ஒரு மவுஸும்தான்!